துடைத்தே கெட்ட துப்பாக்கிகள்

ரைஃபிள் என்ற பெயரே குழலின் உட்புறத்திலிருந்து வந்ததுதான். உள்ளே திருகுமரை போல ஓடும் பள்ளங்கள் குண்டைச் சுழற்றி வெளியே அனுப்புகின்றன. சுற்றும்வரை பம்பரம் சாயாது இல்லையா, அதே கதைதான். பிரிட்டிஷ் ராணுவத்தின் .303 லீ என்ஃபீல்டில் வழக்கமாக ஐந்து பள்ளங்கள். 10 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று.

இந்தப் பள்ளங்களைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் சுத்தம் என்றால் பளபளப்பு என்று நினைப்பதில்தான் வினை ஆரம்பிக்கிறது. சுட்டுக் கெட்ட குழல்கள் போலவே துடைத்துக் கெட்ட குழல்களும் உண்டு!

லீ என்ஃபீல்டின் கட்டைக்குள் ஒரு சின்ன அறை இருக்கும். அதில் ஒரு எண்ணெய்ப் புட்டி, ஒரு 'புல் த்ரூ'. புல் த்ரூ என்பது ஒரு முனையில் பித்தளைக் குண்டு கட்டிய கயிறு, அவ்வளவுதான். குண்டைப் பின்பக்கம் போட்டு, துணியைக் கயிற்றில் மாட்டி, வாய்ப்பக்கம் இழுக்க வேண்டும். நேராக இழுத்தால் பிரச்சினையில்லை. அவசரத்தில் சாய்த்து இழுத்தால் கயிறு குழல்வாயின் ஒரே ஓரத்தில் உரசும். கிணற்றுக் கயிறு கல்லையே பள்ளமாக்குவதைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. கயிற்றில் மண் ஒட்டியிருந்தால் அது அரம்தான். குண்டு கடைசியாகத் தொடும் இடம் அந்த வாய். ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் வாயு அந்தப் பக்கம் முந்திக்கொண்டு வெளியேறி, குண்டின் வாலைத் தள்ளிவிடும். பிறகு எவ்வளவு நிதானமாகக் குறிபார்த்து என்ன பயன்?

இதற்காகத் துடைக்காமலே விட முடியுமா? முடியாது. அந்தக் காலத் தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படியும். சமையல் உப்பின் உறவுக்காரன்; ஈரத்தை இழுத்துத் துருவை வரவழைப்பான். எண்ணெயில் இது கரையாது. பொறுப்பாக எண்ணெய் போட்டவரின் குழலும் எண்ணெய்க்கு அடியிலேயே துருப்பிடித்தது இதனால்தான். மருந்து என்ன தெரியுமா? கொதிக்கும் தண்ணீர்! ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அப்புறம் எண்ணெய். நூறு தடவை தேய்ப்பதைவிட இது மேல்.

போட்டிகளில் பயன்படும் .22 ரைஃபிளில் நிலைமை வேறு. 50 மீட்டர் தூரத்தில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். அதன் ஈயக் குண்டு மெழுகு போன்ற ஒரு மெல்லிய பூச்சைக் குழலில் விட்டுச் செல்கிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் அடுத்த சில குண்டுகள் இடம் மாறி விழலாம். அதனால் விவரமானவர்கள் சுத்தம் செய்த கையோடு போட்டிக்குப் போவதில்லை, சில குண்டுகளைச் சுட்டுக் குழலைப் பழக்குகிறார்கள்.

என்.சி.சி. மாணவர்களுக்குத் துப்பாக்கியைக் கழற்றி மாட்டக் கற்றுத்தருகிறார்கள். நல்லது. கூடவே பத்து நிமிடம் ஒதுக்கி, ஏன் துடைக்கிறோம், எதைத் துடைக்கிறோம் என்றும் சொல்லித்தரலாமே? குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பளபளப்புக்கு மட்டும் சபாஷ் போட்டால் மாணவன் பளபளப்பைத்தான் கற்றுக்கொள்வான். கம்பியால் துடைப்பதானால் முடிந்தவரை பின்பக்கமிருந்து நுழைக்க வேண்டும் என்பதும், சுடுவதற்கு முன் எண்ணெயைத் துடைத்தெடுக்காவிட்டால் முதல் குண்டு வேறெங்காவது போகலாம் என்பதும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.