கசியாத அடைப்பு எது?

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பது நம் முன்னோர் வாக்கு. சொல்லையே தொழிலாகக் கொண்ட தமிழாசிரியனுக்கு இவ்வாக்கின் உண்மை பிறரினும் மிகுதியாகப் புலப்படும். யானும் ஒரு கடைவாய்ப்பல்லை இழந்தவன். அவ்விழப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

பற்சொத்தை உள்ளிருக்கும் கூழை எட்டியவிடத்துப் பல்வைத்தியர் அக்கூழை நீக்கி, வேர்க்கால்வாயைத் துப்புரவாக்கி, அதனை அடைத்துவிடுவர். அடைப்புக் கசியின் உமிழ்நீரும் கிருமியும் உட்புகுந்து வேர்நுனியிலே மீண்டும் நோய் விளைக்கும். ஆதலின் எப்பொருள் கசியாது அடைக்கும் என்னும் வினா அறிஞரிடையே எழுந்தது.

மலாயாக் காட்டு மரமொன்றின் பாலாகிய கட்டாபேர்ச்சா 19ஆம் நூற்றாண்டு தொட்டு இப்பணிக்கு உதவி வருகின்றது. அது பற்சுவரில் ஒட்டுவதன்று. இடைவெளியை நிரப்பப் பசையொன்று வேண்டும். நாகவொட்சைட்டும் கராம்பெண்ணெயின் சத்தும் சேர்ந்த பசை நெடுங்காலம் வழங்கிற்று; பின்னர் எப்பொட்சிப் பிசின் வந்தது. 1990களிற் கலிபோர்ணியாவிலே, போட்லண்ட் சீமெந்தின் இனத்ததாகிய எம்.ரி.ஏ. தோன்றிற்று. ஈரத்திலும் இறுகுவது இதன் சிறப்பு.

இவற்றை ஒப்பிடுவோர், பிடுங்கிய பற்களை அடைத்துச் சாயத்தில் ஊறவிட்டு, பின் பிளந்து, சாயம் எத்தனை மில்லிமீற்றர் ஏறிற்றென அளந்தனர். ஒரு சோதனையில் வென்ற பொருள் மற்றொன்றில் தோற்பதும் உண்டு. 2004ஆம் ஆண்டளவில் வந்த றெசிலோன், பற்சுவரோடு பிணைந்து ஒரே திணிவாகும் எனப் புகழப்பட்டது. தொடக்கச் சோதனைகள் சிலவற்றிற் கட்டாபேர்ச்சாவை முந்தியும் நின்றது. ஆயின் ஆண்டுகள் செல்ல வாயினுள்ளே சிதைவுற்று, அதனினும் மிகுதியாகத் தோல்வி கண்டு, வழக்கொழிந்தது.

ஆய்வுகூடத்து வெற்றி வாயின் வெற்றியாகாது என்பதே என் கருத்து. ஒருநாட் பரீட்சைப் புள்ளி மாணாக்கனின் வாழ்வை அளந்துவிடுமா? 1995ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று, வேரடைப்புச் செய்த 1010 பற்களின் எக்ஸ்கதிர்ப் படங்களை நோக்கி, வேர்நுனியின் நலத்துக்கு வேரடைப்பினும் மேலடைப்பின் செம்மையே மிகுதியும் துணையாயிற்று என்றது. இரண்டும் ஒருங்கே செம்மையாதல் வேண்டுமெனப் பின்வந்த ஆய்வுகள் வற்புறுத்தின.

என் பல்லின் கதையும் இதுவே. வேரடைப்பு நன்றாகவே முடிந்தது. மேலே இட்டது தற்காலிக அடைப்பு. இரு கிழமையில் வரும்படி வைத்தியர் சொன்னார். யானோ விடைத்தாள் திருத்தும் வேலையைச் சாட்டி நாலு மாதங் கடத்தினேன். அடைப்புத் தேய்ந்தது; நோய் திரும்பிற்று; பல் போயிற்று. பழி பொருளினதன்று, என்னதே.

எனவே அன்பர்காள், எம்மருந்தை வைக்கிறீர் என்று மட்டும் வைத்தியரைக் கேளாதீர். கால்வாய் முற்றும் துப்புரவாயிற்றா, மேலடைப்பு எந்நாள் என்றுங் கேளுங்கள். நாளைப் பல்வைத்தியராகி ஆய்வு செய்யவிருக்கும் மாணவரே, சாயம் ஏறிய அளவோடு அமையாது, அப்பல் எத்தனை ஆண்டு சோறு மென்றது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.