கூடத்துக் கட்டில்

சென்னையில் கப்பலேறும் ஒருவர் போர்ட் பிளேயர் துறைமுகத்தில் இறங்க ஏறத்தாழ மூன்று நாள்கள் ஆகும். அவ்வளவு தொலைவு கடந்து வரும் தாத்தாவோ அத்தையோ இரண்டே நாளில் திரும்பிவிடுவதில்லை. தீவுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் வீடுகளோ பெரும்பாலும் சிறியவை; விருந்தினருக்கெனத் தனியறை இராது. ஆதலால் கூடத்தின் சுவரோரம் கிடக்கும் கட்டிலே பகலில் இருக்கையாகவும் இரவில் படுக்கையாகவும் உதவுகிறது. அதனைத் திவான் என்பர். திவான் என்பது பாரசீகச் சொல். அரசவையைக் குறித்த அச்சொல், நாளடைவில் அங்குச் சுவரோரம் இடப்பட்ட மெத்தை இருக்கையையும் குறிக்கலாயிற்று. பக்கத்து வங்காளியர் வீட்டில் இருக்கும் தக்தபோஷும், வட இந்தியர் வீட்டு முற்றத்தில் கிடக்கும் சார்பாயும் இதன் உறவினரே.

வீட்டிலுள்ள மற்றப் பொருள்களுக்கெல்லாம் உரியவர் ஒருவர் உண்டு. படிப்பு மேசை மாணவருக்கு உரியது. அலமாரி அம்மாவுக்கு உரியது. கூடத்துக் கட்டில் மட்டுமே, களைத்து வருபவர் எவரோ அவருக்கு உரியது. எனவே அதனைத் தேர்ந்தெடுப்பதை அழகுணர்ச்சிக்கு மட்டும் விட்டுவிடலாகாது.

கடைகளில் கிடைக்கும் கட்டில்களை மூவகைப்படுத்தலாம். நூறாண்டு கடந்தவை தொன்மையானவை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டமும் தொல்பொருள்களுக்கு நூறாண்டையே பொது வரம்பாகக் கொண்டுள்ளது. தாத்தா, பாட்டி காலத்தவை இரண்டாம் வகை. இன்று செய்யப்படுபவை மூன்றாம் வகை.

தொன்மையான மரப்பொருள்களைத் தேடுவோர் காரைக்குடியின் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குச் செல்வதுண்டு. செட்டிநாட்டு வீடுகளில் இருந்த பர்மாத் தேக்குப் பொருள்கள் பல அங்கு விலைக்கு வருகின்றன. ஆனால், பழமை என்பது சாயம் பூசியும் உண்டாக்கப்படலாம். கட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தால் உண்மை தெரியும். அடிப்பலகையில் இயந்திர அறுப்பின் சீரான தடமும் புத்தம்புதிய திருகாணியும் காணப்பட்டால் ஐயம் கொள்ளல் வேண்டும். கால்களைச் சுற்றி நுண்ணிய மரத்தூள் உதிர்ந்திருப்பின், உள்ளே வண்டு துளைக்கிறது என்று பொருள். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கக்கூடும். குழந்தைகள் உள்ள வீட்டிற்கு அது ஆகாது.

தீவுகளில் இரண்டாம் வகைக்குத் தனிச் சிறப்பு உண்டு. அது படாக் மரத்தால் ஆனது. அந்தமானுக்கே உரிய இச்செந்நிற மரம், தமிழகத்து வேங்கையும் செம்மரமும் சேர்ந்த அதே பேரினத்தைச் சார்ந்தது. 1883ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சாத்தம் மர அறுவை ஆலையில் அறுபட்ட பலகைகள் பல ஊர்களுக்குச் சென்றன. முற்றிய படாக்கைக் கரையான் எளிதில் அணுகாது. ஈரமும் அதனை விரைவில் கெடுக்காது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் நிலத்திற்கு இதனினும் ஏற்ற மரம் அரிது.

அவ்வாறாயின் ஒவ்வொரு வீட்டாரும் புதிய படாக் கட்டில் செய்வித்துக்கொள்ளலாமா? கூடாது என்பதே நேரிய விடை. கட்டிலுக்கு ஏற்ற அளவு ஒரு படாக் மரம் பருக்கப் பல்லாண்டுகள் ஆகும். தீவுகளில் மரம் வெட்டுவதற்கு 2002ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கடுங்கட்டுப்பாடுகளை விதித்தது. காடு குறைந்தால் மழைநீர் மண்ணை அரித்துக் கடலில் சேர்க்கும்; அம்மண் படியப் பவளப்பாறையும் நலியும். ஆகவே புதிதாக மரம் வீழ்த்துவதினும், முன்னரே வீழ்த்தப்பட்ட மரத்தைப் போற்றுவதே அறமாகும்.

இங்கேதான் பல குடும்பங்கள் தவறிவிடுகின்றன. தாத்தா செய்வித்த படாக் கட்டில் நிறம் மங்கி, ஒரு கால் ஆடத் தொடங்கியவுடன், அதனை விறகு விலைக்குத் தள்ளிவிட்டுப் பளபளப்பான புதிய திவான் வாங்குகின்றனர். அப்பளபளப்பின் அடியில் இருப்பது பெரும்பாலும் மரத்துகளை ஒட்டிச் செய்த பலகை. ஈரம் பட்டால் அது உப்பும். உப்பினால் திருகாணி பிடிக்காது. பிடி தளர்ந்தால் சீர்செய்ய இயலாது. கடற்காற்றில் இரும்புச் சட்டமும் துருவேறும். தாத்தாவின் கட்டிலுக்கோ தேவைப்பட்டது ஒரு தச்சரின் அரைநாள் வேலையே. ஆடும் காலுக்கு ஓர் ஆப்பு, மேலே ஒரு பூச்சு மெழுகெண்ணெய், அவ்வளவே.

புதியவை அனைத்தும் தீயவை என்பதன்று. பணியிட மாற்றத்தால் ஊர் ஊராகச் செல்லும் குடும்பத்திற்குக் கனமான படாக் கட்டில் பெருஞ்சுமை. தீவிலிருந்து அதனை வெளியே கொண்டுசெல்ல வனத்துறையின் அனுமதியும் வேண்டும். அத்தகையோர்க்குக் கழற்றிப் பூட்டத்தக்க, எடை குறைந்த புதிய கட்டிலே தகும். பிரம்புக் கட்டிலும் நல்லது. இழை அறுந்தால் மீண்டும் பின்னிக்கொள்ளலாம். பால் வற்றிய ரப்பர் மரங்களைப் பதப்படுத்திச் செய்த கட்டில்களும் இன்று கிடைக்கின்றன. ரப்பர் மரம் தீவுத் தமிழருக்குப் புதிதன்று; இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் பல கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்திலேதான் குடியமர்ந்தன. தோட்டத்து மரம் பயன்படுமளவுக்குக் காட்டு மரம் பிழைக்கும்.

எவ்வகையாயினும் மூன்றை நோக்குதல் வேண்டும். முதலாவது உயரம்: பாட்டி பிறர் துணையின்றி எழ, ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் இருத்தல் நன்று. இரண்டாவது மெத்தை: மழைக்காலத்தில் பூஞ்சை பிடியாதிருக்க, வெயிலில் உலர்த்தத்தக்க இலவம்பஞ்சு மெத்தையோ கோரைப்பாயோ ஏற்றது. மூன்றாவது, எல்லாவற்றினும் தலையாயது: பழுதுற்றால் உள்ளூர்த் தச்சர் அதனைச் சீர்செய்ய இயலுமா என்பது. பழையதா, புதியதா என்னும் வினா இம்மூன்றிற்கும் பின்னரே எழ வேண்டும்.

கட்டில் பற்றிய பழைய நிகழ்ச்சி ஒன்று புறநானூற்றின் ஐம்பதாம் பாடலில் உள்ளது. நெடுவழி நடந்து களைத்த மோசிகீரனார் என்னும் புலவர், சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் முரசுகட்டிலில் அறியாது துயின்றுவிட்டார். முரசுக்கு உரிய அக்கட்டிலில் ஏறுவது தண்டனைக்குரிய குற்றம். ஆயினும் மன்னன் வாளால் வெட்டாமல், அருகில் நின்று கவரி வீசினான். கட்டிலின் பெருமையினும் அதில் துயின்றவரின் களைப்பே அவன் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றியது. மூன்று நாள் கடல் கடந்து வரும் தாத்தாவுக்காகக் கட்டில் தேடும் குடும்பமும் அக்கண்கொண்டே தேட வேண்டும்.

சிந்தித்து எழுதுக

1. கூடத்துக் கட்டில் எவருக்கு உரியது என்று கட்டுரை கூறுகிறது? ஏன்?
2. புதிய படாக் கட்டில் செய்விப்பதைக் கட்டுரை மறுப்பதற்கான காரணங்களைத் தொகுத்து எழுதுக.
3. உங்கள் வீட்டிலுள்ள மிகப் பழைய மரப்பொருளின் வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டு, பத்து வரிகளில் எழுதுக.