"மாமா, இந்த வட்டம் என்ன எழுத்து?"

உங்க அக்கா பிள்ளையோ பக்கத்து வீட்டு வாண்டோ போனில் "கணக்கு கேம்" விளையாடுவதை ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? 3 + 4 எவ்வளவு என்று கேட்கும். 7-ஐத் தொட்டால் பலூன் வெடிக்கும், நட்சத்திரம் கொட்டும். தப்பாகத் தொட்டால் ஒன்றும் ஆகாது, அடுத்ததைத் தொடலாம். அந்த வாண்டு என்ன கத்துக்குது? நாலு பட்டனையும் வரிசையா அமுக்கினா ஏதாவது ஒண்ணு வெடிக்கும்னு கத்துக்குது. நாம ஆன்லைன் டெஸ்ட்ல பண்ற அதே டெக்னிக்!

இதில் கணக்கு ஒரு பக்கம், விளையாட்டு இன்னொரு பக்கம். கஷாயம் குடிச்சா மிட்டாய் தர்றேன்னு சொல்ற கதைதான்.

ஜிகாம்ப்ரி என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. 2000-ல் பிரான்சின் புரூனோ கூதுவான் ஆரம்பித்தது. இப்போது கேடிஈ குழுவினரோடு வளர்கிறது. பெயரை பிரெஞ்சில் சொன்னால் "எனக்குப் புரிஞ்சிடுச்சு" என்பது போலக் காதில் விழும். 2 முதல் 10 வயது வரையுள்ளவர்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள். காசு இல்லை, விளம்பரம் இல்லை, நிறுவிவிட்டால் நெட் கூடத் தேவையில்லை. அதில் ஒரு தராசு விளையாட்டு இருக்கு. ஒரு தட்டில் பொருள், இன்னொரு தட்டில் எடைக்கற்களை வைத்துச் சமன் செய்ய வேண்டும். கூட்டாமல் அதை விளையாடவே முடியாது, கூட்டல்தான் ஆட்டமே. இன்னொன்று, கால்வாயில் படகைத் தாண்டவைப்பது. மதகையும் கதவையும் சரியான வரிசையில் திறக்கணும். நான் முதல் தடவை விளையாடி, படகை நடுவில் மாட்டவிட்டேன். (ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பாஸ் பண்ணியவன் நான்.) அதிலும் எல்லாமே உசத்தி இல்லை. மேலிருந்து எழுத்து விழ, டைப் அடிக்கிற சாதா பயிற்சிகளும் உண்டு. ஆனால் அந்தத் தராசு ஒன்றுக்காகவே அதை நம்ம லேப் சிஸ்டத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இப்ப என் சொந்தக் கதை. போன வருஷம் மினி ப்ராஜெக்டுக்குக் குழந்தைகளுக்கான சொல் விளையாட்டு செய்தேன். கட்டங்கள் வரும், எழுத்தைத் தேர்ந்தெடுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கணும், தப்பினால் ஒரு கோடு. இங்கிலீஷ், தமிழ் ரெண்டும் இருக்கும். ரிவ்யூவில் "ஆப்பிள்" என்பதை இங்கிலீஷில் போட்டுக் காட்டினேன். எல்லாரும் "குட்" என்றார்கள். லீவுக்கு ஊருக்குப் போனபோது ரெண்டாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகளிடம் தமிழில் கொடுத்தேன். சொல்: கொடி. நாலு கட்டம் வந்தது. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாமா, வட்டம் போட்டு முன்னாடி கொம்பு, பின்னாடி கால் இருக்கே, இது என்ன எழுத்து? எங்க மிஸ் சொல்லித்தரலையே" என்றாள்.

அவள் மிஸ் சரி, நான் தப்பு. யூனிகோடில் "கொ" என்பது க, அதோடு ஒரு உயிர்க்குறி, ஆக ரெண்டு குறியீடு. ஜாவாஸ்கிரிப்டில் "கொடி"யின் நீளத்தைக் கேட்டால் 4 என்கும். "அம்மா"வுக்கு 5! தனியாக விடப்பட்ட உயிர்க்குறிக்குத் திரையே ஒரு புள்ளி வட்டத்தைப் போட்டுவிடும். எழுத்துகளை எண்ணத் தெரிந்த ஒரு குழந்தையிடம், உனக்கு எண்ணத் தெரியலை என்று என் புரோகிராம் சொல்லியிருக்கிறது. அவளும் அதை நம்பியிருப்பாள், அதுதான் எனக்கு உறைத்தது. பெரியவர்களுக்கான ஆப்பில் இது ஒரு பக். ஏழு வயசுக்காரிக்குக் கம்ப்யூட்டர் சொன்னா அது பாடம்.

அதனால்தான் சொல்கிறேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் லிஸ்டில் வருஷா வருஷம் "கிட்ஸ் லேர்னிங் ஆப்" இருக்கும். வைவா முடிந்த மறுநாள் அதை யாரும் திறப்பதில்லை, செய்தவர்கள் உட்பட. புதுசாகப் பலூன் வெடிக்க வேண்டாம், ப்ளீஸ். ஜிகாம்ப்ரியின் மூலநிரல் திறந்தே கிடக்கிறது, எழுதியிருப்பது க்யூஎம்எல்லிலும் ஜாவாஸ்கிரிப்டிலும். ஒரு விளையாட்டை எடுத்து, தமிழ் எழுத்துக்குச் சரியாக நடக்கிறதா என்று சோதியுங்கள். "நாவல்டி எங்கே?" என்று கைடு கேட்பார். தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துக் காட்டச் சொல்லி அவரிடமே கீபோர்டைக் கொடுங்கள் (மார்க்குக்கு நான் பொறுப்பில்லை).

கோடிங் வராதவர்களுக்கும் வேலை இருக்கு. எழுத்து விளையாட்டுகளுக்கு மொழி மொழியாக மனிதக் குரல் வேண்டும். ல, ள, ழ மூன்றையும் பிசகாமல் சொல்கிறவர் உங்கள் கிளாஸில் யார்? எங்கள் ஹாஸ்டலில் தேடினோம். பாதிப்பேர் "வாளப்பளம்" கேஸ், நானும்தான். கடைசியில் மெஸ் செக்ரட்டரிதான் தேறினான்.

என் விளையாட்டைத் திருத்திவிட்டேன். நீளத்தைக் கேட்காமல், எழுத்துக் கொத்துகளாகப் பிரிக்கும் செக்மென்டரைப் போட்டதும் "கொடி" ரெண்டு கட்டம், "அம்மா" மூணு கட்டம். போன ஞாயிறு வீடியோ காலில் காட்டினேன். சந்தோஷமாக விளையாடியவள், தன் ஃப்ரெண்டு பெயரைப் போடச் சொன்னாள். அந்தப் பெயரில் "ஸ்ரீ" இருக்கிறது. செக்மென்டர் அதை ஸ், ரீ என்று ரெண்டாக வெட்டியது.

"மாமா, இன்னும் உனக்கு எண்ண வரலை" என்றாள். இந்த வாரம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாராவது சேர்கிறீர்களா?