கணினியும் கேளாத மாற்றமும்

மாரி தொடங்குமுன் கூரையில் உள்ள ஒழுக்கை அடைத்துத் தருமாறு ஒரு வேலையாளிடம் சொல்லி வைக்கின்றோம். அவரும் வருகின்றார், உடைந்த ஓட்டை மாற்றிவிட்டுப் போகின்றார். நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதே வேலையாள் ஓர் இரவு நாம் உறங்கும் வேளையில் வந்து, அடுக்களையை முன்புறத்துக்கும் படுக்கையறையைப் பின்புறத்துக்கும் மாற்றி, வாயிற் கதவுக்கு வேறு பூட்டும் திறப்பும் போட்டுவிட்டு, "எல்லாம் உங்கள் நன்மைக்கே, காசும் வேண்டாம்" என்று கூறி நின்றால் நாம் என் செய்வோம்? வீட்டுக்கு உரியவர் யார் என்ற கேள்வி அப்போதன்றோ எழும்!

கணினி வைத்திருப்போர் பலருக்கு இக்கேள்வி உண்மையாகவே எழுந்ததுண்டு. கணினியின் உறுப்புகள் யாவற்றையும் ஒழுங்குபடுத்தி நடத்தும் அடிப்படை மென்பொருளை எமது பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்று வழங்கும். அம்முறைமைக்கு அதனை ஆக்கிய நிறுவனத்திடமிருந்து இருவகையான பொருள்கள் வந்து சேர்கின்றன. ஒன்று, கண்டறியப்பட்ட குறையைச் சீர்செய்யும் திருத்தம். மற்றது, பழைய முறைமையை அகற்றிப் புதியதை அமர்த்தும் பதிப்பு மாற்றம். முன்னையது ஒழுக்கடைப்பது, பின்னையது வீட்டை மாற்றிக் கட்டுவது. இரண்டும் ஒரே வாயிலால் வருவதே தொல்லைக்கெல்லாம் மூலம் என்பது எமது கருத்து.

இதற்குத் தக்க சான்று 2015, 2016ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்தது. மைக்ரோசொப்ற் நிறுவனம் 2015 ஜூலை 29ஆம் திகதி விண்டோஸ் 10 என்னும் முறைமையை வெளியிட்டு, விண்டோஸ் 7, 8.1 ஆகியவற்றை வைத்திருந்தோர் ஓராண்டுக் காலம் அதனை இலவசமாகப் பெறலாமென அறிவித்தது. இலவசம் என்றால் மகிழாதார் யார்? ஆயினும் அவ்வழைப்பு வந்த வழியைக் கவனித்தல் வேண்டும். 3035583 என்னும் இலக்கமுடைய ஒரு 'திருத்தம்' அதற்குச் சில மாதங்கள் முன்னரே கணினிகளிற் போய் அமர்ந்திருந்தது. அது எந்தக் குறையையும் திருத்தவில்லை. திரையின் மூலையில் ஒரு சிறு சின்னத்தைக் காட்டி, புதிய முறைமையை ஏற்குமாறு நாள்தோறும் நச்சரித்தது. விளம்பரம் திருத்தத்தின் உடையை அணிந்து வந்ததென்று சொல்லலாம்.

அவ்வாண்டு செப்டெம்பரில் வேறொன்று வெளியாயிற்று. புதிய முறைமையை வேண்டாதோர் கணினிகளிலும் மூன்றரை முதல் ஆறு கிகாபைற் வரையான கோப்புகள் மறைவாகப் பதிவிறக்கப்பட்டிருந்தன. 2016 பெப்ரவரியில் அது 'பரிந்துரைக்கப்பட்டது' என்னும் வகுப்புக்கு உயர்த்தப்பட, தானியங்கு அமைப்பை வைத்திருந்தோரின் கணினிகளில் அம்முறைமை தானாகவே நிறுவத் தொடங்கியது. அதன் பின்னர் மே மாதத்தில் நடந்ததே எல்லாவற்றுக்கும் சிகரம். பதிப்பு மாற்றம் இன்ன நாளில் நடைபெறும் என்று ஓர் அறிவித்தல் திரையில் தோன்றும். வலப்புற மூலையிலுள்ள பெருக்கற் குறியை அழுத்தினால் சாளரம் மூடிவிடும், காரியம் நின்றுவிடும் என்பது 1995ஆம் ஆண்டின் விண்டோஸ் 95 தொட்டு மக்கள் பழகிய வழக்கம். இருபது ஆண்டுகளாக 'வேண்டாம்' என்று பொருள்பட்ட அக்குறி அந்த அறிவித்தலில் மட்டும் 'சம்மதம்' என்று பொருள்பட்டது. மூடியவர் ஒப்பியவராகக் கணிக்கப்பட்டார்! தலையை அசைத்து மறுத்தவரைத் தலையாட்டி இசைந்தவர் என்று எழுதிக்கொள்ளும் நொத்தாரிசை நாம் எங்கேனும் கண்டதுண்டா?

இதன் விளைவுகளிற் சில நகைப்புக்குரியவை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 2016 ஏப்ரலில் ஒரு தொலைக்காட்சி நிலையம் வானிலை அறிக்கையை நேரடியாக ஒளிபரப்பிக்கொண்டிருக்கையில், மழைப் படத்தின் மேலேயே இந்த அழைப்பு வந்து நின்றது. வேறு சில நகைப்புக்குரியன அல்ல. மத்திய ஆபிரிக்கக் குடியரசின் சின்கோ வனப் பகுதியில் வேட்டைக் கள்வரிடமிருந்து விலங்குகளைக் காத்துவந்தோர் செய்மதி மூலமே இணையத்தைப் பெற்றனர். அங்கு ஒவ்வொரு மெகாபைற்றும் பணம். அவர்களுடைய கணினியும் கேளாமலே பெருங்கோப்புகளை இறக்கத் தொடங்கிற்று. அளந்து வாங்கிய இணையத்தில் பிள்ளைகளின் பாடங்களை நடத்தும் எமது வீடுகளில் இவ்வருத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

கலிபோர்னியாவில் பயண முகவர் நிலையம் நடத்திய ஒரு மாது நீதிமன்றத்துக்கே சென்றார். தாம் ஒப்பாத மாற்றம் இடைநடுவில் தவறி, தொழிலுக்குரிய கணினி நாட்கணக்காகப் பயன்படாமற் போயிற்றென்பது அவருடைய முறைப்பாடு. 10,000 டொலர் வழங்குமாறு தீர்ப்பாயிற்று. நிறுவனம் தன்மீது குற்றமில்லை என்றே கூறியது. எனினும் மேன்முறையீட்டைக் கைவிட்டது. ஜேர்மனியில் பாடன்-வூர்ட்டெம்பேர்க் மாநில நுகர்வோர் நிலையம் தொடுத்த வழக்கின் பயனாக, பாவனையாளரின் சம்மதமின்றி நிறுவற் கோப்புகளை இறக்குவதில்லை என 2017 ஓகஸ்டில் அந்நிறுவனம் எழுதிக் கொடுத்தது. அதற்கு முன்னரே, 2016 டிசெம்பரில், அதன் சந்தைப்படுத்தல் தலைவர் கிறிஸ் கப்பொசெலா, பெருக்கற் குறி விடயத்தில் எல்லை கடந்துவிட்டோம் என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

நிறுவனத்தின் பக்கத்திலும் நியாயமில்லாமலில்லை. பழைய பதிப்புகள் பல புழக்கத்திலிருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி காவல் போட வேண்டும். ஒன்றே இருந்தாற் காவல் எளிது. ஆனால் விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி வரையும், 8.1க்கு 2023 ஜனவரி வரையும் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதாக அந்நிறுவனமே வாக்களித்திருந்தது. கூரை ஒழுகவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுள் நூறு கோடி சாதனங்களில் விண்டோஸ் 10 இயங்க வேண்டும் என்று 2015இல் வகுத்த இலக்கே அவசரத்துக்குக் காரணம் என எமக்குத் தோன்றுகின்றது. அந்த எண்ணிக்கையோ 2020 மார்ச்சிலேதான் எட்டப்பட்டது.

இதிற் பெரிய நட்டம் பணமுமன்று, நேரமுமன்று. நம்பிக்கை போயிற்று. ஒழுக்கடைக்க வந்தவர் வீட்டை மாற்றியதைக் கண்டோர், இனி எவரும் வாயிலில் கால் வைக்கலாகாதென்று படலையைச் சாத்திக்கொண்டனர். எல்லாத் திருத்தங்களையும் நிறுத்திவிடுவதே வழி என நண்பருக்கு நண்பர் உபதேசம் செய்தனர். கோபம் நியாயமானதே, அந்த வழிதான் ஆபத்தானது.

ஏனெனில், 2017 மார்ச் 14ஆம் திகதி விண்டோஸில் இருந்த ஒரு பெருங்குறைக்குத் திருத்தம் வெளியிடப்பட்டது. இரண்டு மாதங்கூட ஆகவில்லை. மே 12ஆம் திகதி அதே குறையின் வழியாக 'வன்னாக்ரை' என்னும் தீநிரல் புகுந்து, கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு மீட்புப் பணம் கேட்டது. நூற்றைம்பது நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் அகப்பட்டன. இங்கிலாந்தின் அரசாங்க வைத்தியசாலைகளில் 19,000க்கு மேற்பட்ட நோயாளர் சந்திப்புகள் இரத்தாகியிருக்கலாம் என அந்நாட்டுக் கணக்காய்வு அலுவலகம் மதிப்பிட்டது. பாதிக்கப்பட்டவற்றுட் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அவையனைத்தும் கட்டாய மாற்றத்துக்கு அஞ்சித் திருத்தத்தை நிறுத்தியவை என்று நாம் கூறோம். கவனமின்மையும் சோம்பலும் எங்குமுள்ளவை. ஆனால் உரிய திருத்தத்தை ஏற்றிருந்த கணினி அந்த வழியால் தாக்கப்படவில்லை என்பது உறுதி.

ஆகையால் வாயிலை முற்றாகச் சாத்தாமல், வருபவர் யாரென்று பார்த்துத் திறக்கும் முறையையே வீட்டார் பழகிக்கொள்ளல் வேண்டும். 2019ஆம் ஆண்டிலிருந்து இது சற்று எளிதாகியிருக்கின்றது. அமைப்புகள் பகுதியில் விண்டோஸ் அப்டேற் என்னும் பக்கத்தைத் திறந்தால், மாதந்தோறும் வரும் பாதுகாப்புத் திருத்தம் ஒருபுறமும், புதிய பதிப்பு வேறாகத் தனிப் பொத்தானுடனும் காணப்படும். அப்பொத்தானை அழுத்துவது நமது விருப்பம். பயன்படுத்தும் பதிப்பின் ஆதரவுக் காலம் முடியுந் தறுவாயில் மட்டும் அது தானாகத் தொடங்கலாம். வீட்டுப் பதிப்பு வைத்திருப்போரும் யாவற்றையும் ஐந்து வாரங்கள் வரை இடைநிறுத்தி வைக்கலாம். பரீட்சைக் காலத்து மாணவருக்கு இது பேருதவி. இணையத்தை அளந்து வாங்குவோர் தமது இணைப்பை 'மீற்றேட் கனெக்‌ஷன்' என்று குறித்து வைத்தால் பெருங்கோப்புகள் பெரும்பாலும் சொல்லாமல் இறங்கா. 'புரோ' பதிப்புடையோர் இன்ன பதிப்பிலேயே நிற்க வேண்டும் என்று கொள்கை அமைப்பிற் கட்டளையிடவும் வசதியுண்டு.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. ஒரு காலத்தில் வேண்டாதவர் மீதும் திணிக்கப்பட்டது, இன்று விட மனமில்லாதவர் பலரிடம் இருக்கின்றது! விண்டோஸ் 11க்கு மாறுமாறு முழுத்திரை அறிவித்தல்களும் தோன்றின. பெருக்கற் குறி வித்தையை மட்டும் நிறுவனம் மீண்டும் கையாளவில்லை. பழைய கணினிகள் பலவற்றில் ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பு இல்லாமையால் அவை 11ஐ ஏற்கவும் மாட்டா. அத்தகையோருக்காக 2026 ஒக்டோபர் 13ஆம் திகதி வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தரும் நீடிப்புத் திட்டமொன்று அறிவிக்கப்பட்டது. கணினியின் அமைப்புகளை நிறுவனக் கணக்குடன் இணைத்து வைப்போருக்கு இலவசம். ஏனையோருக்கு 30 டொலர். பதிப்பு மாற்றமின்றித் திருத்தத்தை மட்டும் பெறுவதென்பது இதுதான். 2015இலேயே இவ்விரண்டையும் பிரித்து வைத்திருந்தால் எத்தனை பேருடைய சினம் தணிந்திருக்கும்!

இவ்வளவுக்கும் மேலாக ஒரு நாட்காலை கணினியைத் திறந்து, புதிய முகம் ஒன்று வரவேற்றால் பதறுதல் வேண்டா. பழைய முறைமை 'விண்டோஸ்.ஓல்ட்' என்னும் கோப்புறையில் பத்து நாட்கள் இருக்கும். அமைப்புகளில் மீட்புப் பகுதிக்குச் சென்று பின்செல்லும் பொத்தானை அழுத்தினால் அது திரும்பும். ஆனால் அதற்கு முன் குடும்பப் படங்கள், பிள்ளைகளின் ஒப்படைகள், கணக்குகள் யாவற்றையும் வெளி வட்டு ஒன்றிற் பிரதி செய்துகொள்ளல் வேண்டும். இடம் போதாதென்று அக்கோப்புறையை அழித்துவிடவும் கூடாது. அதை அழித்த பின் பின்செல்லும் பொத்தான் பயன் தராது.