கூரைச் சீட்டும் நம் மூச்சும்



1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்கள், யுத்தத்தில் மீண்டும் வீடிழந்து, 2009க்குப் பிறகு மறுபடியும் கூரை போட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவில் அந்தக் கூரைகளில் பல அஸ்பெஸ்டஸ் சீட். உடைந்த பழைய துண்டுகள் வேலியோரத்திலும் கோழிக்கூட்டின் மேலும் கிடக்கின்றன. தோட்டத்தில் உள்ள உறவுகளின் லயங்கள் பலவற்றிலும் தகரத்தைக் கழற்றி இதையே போட்டிருக்கிறார்கள்.

அஸ்பெஸ்டஸ் என்பது கல்நார். சீட்டை வெட்டினால், துளைத்தால், உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும்; நுரையீரலில் போய்த் தங்கும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. நீல வகையை 1987இல் தடைசெய்த இலங்கை, வெள்ளை வகையை விட்டுவைத்தது. நோய் வெளிப்பட 20, 30, 40 வருடங்கள்கூட ஆகும். அதற்குள் வேலை செய்த இடமும் மறந்துபோகும், நட்டஈடு கேட்க முதலாளியும் இருக்கமாட்டார்.

2018 ஜனவரி முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை நிறுத்த அரசாங்கம் தீர்மானித்திருந்தது. நமக்குக் கல்நார் விற்கும் முக்கிய நாடு ரஷ்யா. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. சில நாட்களில் அரசாங்கம் அஸ்பெஸ்டஸ் தடையைத் தள்ளிவைத்தது. மாதம் முடிவதற்குள் தேயிலைக்கு வழி திறந்தது. கொழுந்து பறிப்பவரின் வயிற்றைக் காட்டி, அவருடைய நுரையீரலை விலை பேசினார்கள். சம்பளமா, மூச்சா என்று தொழிலாளியைத் தெரிவுசெய்யச் சொல்வது நியாயமல்ல.

நல்ல நிலையில் உள்ள கூரையைக் கண்டு பயப்பட வேண்டாம். அதைத் தொடாமல் விடுவதே பாதுகாப்பு. மாரி மழைக்கு முன் பாசியைக் கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டாதீர்கள். குரங்கு பாய்ந்து உடைத்த சீட்டை மாற்றும்போது முதலில் தண்ணீர் ஊற்றி நனையுங்கள். வாளால் அறுக்காமல், ஆணியைக் கழற்றி முழுசாக இறக்குங்கள். முகத்தில் துணி கட்டுவது போதாது. நுண்தூசி தடுக்கும் மாஸ்க் வேண்டும். பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள். துண்டுகளை ஈரத்தோடு பொறுக்கித் தடித்த பொலித்தீனில் சுற்றிக் கட்டுங்கள். உலர்ந்த தூசியைக் கூட்டாதீர்கள். வேலை உடுப்பைத் தனியாக அலசுங்கள். உடைந்த சீட்டை இடித்து ஒழுங்கையில் பரப்பவே கூடாது.

ஆனால் இந்தச் சுமையைக் குடும்பத்தின் தலையில் மட்டும் போட முடியாது. உடைந்த சீட்டுகளைச் சேகரித்துப் பாதுகாப்பாகப் புதைக்கப் பிரதேச சபைகள் ஒழுங்கு செய்ய வேண்டும். இனி வரும் வீட்டுத் திட்டம் எதிலும், வன்னியிலோ தோட்டத்திலோ, அஸ்பெஸ்டஸ் கூரை இருக்கக் கூடாது. கூரை வேலைக்கு ஆள் பிடிப்பவர் தகுந்த மாஸ்க் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஏணியில் ஏறாதீர்கள், சங்கத்துக்குச் சொல்லுங்கள். தள்ளிவைத்த தடைக்கு அரசாங்கம் திகதி குறிக்க வேண்டும்.

வீட்டுத் திட்டக் கூட்டத்துக்குப் போகும் ஒவ்வொருவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கூரைக்கு என்ன போடப் போகிறீர்கள்?