மின்சாரமும் இணையமும் இல்லாத ஊரில் பிட்காயின்

இந்திய ரிசர்வ் வங்கி ஆளுநர் அவர்களுக்கு,

பிட்காயினின் கணக்கேடு ஓரிடத்தில் இருப்பதில்லை. உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளில் அதன் முழுப்படி இருக்கிறது. ஒரு நாடே இருண்டாலும் மற்ற நாடுகளில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு புதிய பரிவர்த்தனைத் தொகுதி அதில் சேர்ந்துகொண்டிருக்கும். 2022 ஜனவரியில் எரிபொருள் விலையை எதிர்த்துப் போராட்டம் வெடித்தபோது கஜகஸ்தான் அரசு இணையத்தைத் துண்டித்தது. 2021 ஆகஸ்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் எடுத்த கணக்குப்படி புதிய தொகுதிகளைச் சேர்க்கும் கணினிப் பணியான பிட்காயின் சுரங்க வேலையில், உலக அளவில் 18 சதவீதம் அந்நாட்டில் நடந்தது. அவ்வளவு பெரிய பங்கு அடிபட்டும் கணக்கேடு நிற்கவில்லை. 2021இல் சீனா சுரங்க வேலையைத் தடைசெய்தபோது விழுந்த அடி இன்னும் பெரிது. 2,016 தொகுதிகளுக்கு ஒருமுறை சுரங்க வேலையின் கடினத்தைத் தானே திருத்திக்கொள்ளும் விதி அப்போது அதைக் காப்பாற்றியது.

ஆகவே நாணயம் பிழைக்கும். இருளில் சிக்கிய ஊரில் அதை வைத்திருப்பவரின் பாடு வேறு.

2022 ஜனவரி 15 அன்று டோங்காவில் கடலடி எரிமலை வெடித்து, அத்தீவு நாட்டைப் பிஜியோடு இணைத்த ஒரே கடலடிக் கம்பி அறுந்தது. அதைச் சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது. அதே மாதம்தான் அந்நாட்டின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் பிட்காயினைச் சட்டப்படி செல்லும் பணமாக்கப் பரிந்துரைத்திருந்தார்! வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பணத்தைப் பெரிதும் நம்பிய அந்நாட்டில், கம்பி அறுந்த நாளில் அது சட்டமாகியிருந்தாலும் கடைக்காரருக்குப் பயன் இருந்திராது.

காரணம் எளிது. இணைப்பில்லாமல் பெறும் பிட்காயின், வங்கி மூடிய நாளில் வாங்கும் காசோலை போன்றது. அதே நாணயத்தை அனுப்பியவர் இன்னொருவருக்கும் கொடுத்துவிட்டாரா என்பதைக் கணக்கேட்டைப் பார்க்காமல் அறிய முடியாது. நாட்டுக்குள் மட்டும் இணைப்பு மிஞ்சினால் சிக்கல் வேறு விதம்: அங்கே சுரங்க வேலை நடந்தால் உள்ளே தொகுதிகளின் தனிச் சங்கிலி வளரும், வெளியுலகோடு மீண்டும் சேரும்போது குறைந்த உழைப்பு கொண்ட சங்கிலி தள்ளப்படும், அதிலிருந்த வரவுகளும் உறுதியிழக்கும். பிட்காயினின் மேல் இயங்கும் லைட்னிங் என்ற விரைவுப் பணமுறையில் நெடுநாள் துண்டிக்கப்பட்டவர், எதிர்த்தரப்பு பழைய இருப்பைப் பதிவுசெய்து ஏமாற்றினால் உரிய கெடுவுக்குள் தடுக்க இயலாது. அவருக்காகக் கண்காணிக்க வேறொருவர் தேவை.

மாற்று வழிகள் இல்லாமலில்லை. 2017 முதல் பிளாக்ஸ்ட்ரீம் நிறுவனம் செயற்கைக்கோள் வழியே கணக்கேட்டை ஒலிபரப்புகிறது. அதில் பெறலாம், அனுப்ப முடியாது. வானொலி அலைகளிலும் பரிவர்த்தனையை அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். ஆர்வலர்களுக்கு அது போதும், மளிகைக்கடைக்குப் போதாது.

இந்தக் குறை கிரிப்டோவோடு முடிவதில்லை. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் காவிரி டெல்டாவின் பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. அப்படியொரு ஊரில் இன்று வழக்கமான யுபிஐயும் செல்லாது. இணைப்பில்லா இடத்திலும் இ-ரூபாய் செல்லும் வசதியை ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரியில் அறிவித்தது நல்ல தொடக்கம். ஆனால் கைபேசியில் சார்ஜ் தீர்ந்தால் அந்த ரூபாயும் அதற்குள்ளேயே கிடக்கும்.

எனவே புயல் மாதங்களுக்கு முன் கடலோர மாவட்டக் கிளைகளில் சில்லறை நோட்டுகளைக் கூடுதலாக இருப்பு வைக்கவும், ஏடிஎம்களுக்கு ஜெனரேட்டர் வசதியைக் கட்டாயமாக்கவும் ரிசர்வ் வங்கி உத்தரவிட வேண்டும்.