பிரீசெட்டைத் திருப்பும் முன்

பச்சை லேசர் பற்றி நமக்கு வரும் கட்டுரைகளில் ஒரு வரி அடிக்கடி தலைகாட்டுகிறது: 'டிரைவர் போர்டில் உள்ள பிரீசெட்டைச் சற்றே திருப்பினேன், ஒளி கூடியது.' எவ்வளவு கூடியது, எந்த மீட்டரில் பார்த்தது, கூடியதில் பச்சை எவ்வளவு என்ற விவரங்களைத் தேடினால் கிடைப்பதில்லை. இத்தகைய கட்டுரைகளை இனி வெளியிடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். கண் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் காரணத்தை விரிவாகவே சொல்கிறோம்.

பிரீசெட்டின் கைக்கு எட்டுவது 808 நானோமீட்டர் பம்ப் டயோடின் மின்னோட்டம் மட்டும். அங்கிருந்து பச்சை வரை இரண்டு படிகள் உண்டு. நியோடிமியம் கலந்த வனடேட் படிகம் 808-ஐ உறிஞ்சி 1064 நானோமீட்டர் ஒளியைத் தருகிறது. கே.டி.பி. படிகம் அதன் அலைவெண்ணை இரட்டித்து 532 ஆக்குகிறது. மின்னோட்டத்தைக் கூட்டினால் டயோடு சூடாகிறது; ஒரு டிகிரிக்குச் சுமார் 0.3 நானோமீட்டர் வீதம் அதன் அலைநீளம் நகர்கிறது. பத்து டிகிரி ஏறினால் 3 நானோமீட்டர். வனடேட் நன்றாக உறிஞ்சும் பட்டையோ மிகக் குறுகியது. அதைவிட்டு விலகிய பம்ப் ஒளி பயன்படாமல் படிகத்தைக் கடந்து முன்னால் வந்துவிடும். ஆகவே பிரீசெட்டை ஏற்றும்போது பச்சை குறைந்து அகச்சிவப்பு கூடுவதும் நடக்கும். மே மாத மொட்டைமாடி அறையில் எடுத்த அளவு மார்கழிக் காலையில் பொருந்தாததற்கும் இதுவே காரணம்.

2009 இறுதியில் அமெரிக்கத் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட்டின் ஆய்வாளர் ஒருவர் 15 டாலர் விலையில் மூன்று பச்சை பாயின்டர்களை வாங்கினார். மூன்றும் 10 மில்லிவாட் என்று விற்கப்பட்டவை. அவற்றில் ஒன்றின் பச்சை மங்கலாக இருந்தது. அளந்து பார்த்தபோது அதிலிருந்து ஏறத்தாழ 20 மில்லிவாட் அகச்சிவப்பு வந்துகொண்டிருந்தது. உள்ளே அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டரே இல்லை. 2010-இல் இதை அறிக்கையாக வெளியிட்டார்கள். அதே நிறுவனம் 2013-இல் 122 பாயின்டர்களைச் சோதித்தபோது, பச்சையில் 90 சதவீதத்துக்கு நெருக்கமானவையும் சிவப்பில் 44 சதவீதமும் அந்நாட்டு விதிகளுக்குப் பொருந்தவில்லை. மங்கலான பாயின்டரைக் கண்டதும் பிரீசெட்டை ஏற்றத்தான் நம் கை போகிறது. அந்த 15 டாலர் பாயின்டரில் யாராவது அப்படிச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. பச்சை பட்டால் கண் கால் நொடியில் மூடிக்கொள்ளும். 808-க்கு அந்த அனிச்சை வேலை செய்யாது. விழித்திரையில் குவிவது மட்டும் அப்படியே நடக்கும்.

சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஒரு பழைய சி.டி.யும் அகச்சிவப்புத் தடுப்பைக் கழற்றிய வெப்கேமும் போதும். சி.டி.யின் தட இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். கற்றை அதன்மேல் செங்குத்தாக விழுந்தால் 532-இன் முதல் வரிசைப் புள்ளி சுமார் 19 டிகிரியிலும், 808 சுமார் 30 டிகிரியிலும் ஒரு வெள்ளைத் தாளில் தனித்தனியாக விழும். 30 டிகிரியில் வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல் கேமராவில் மட்டும் புள்ளி தெரிந்தால் அது பம்ப் ஒளிதான். 1064 விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது: அதன் முதல் வரிசை சுமார் 42 டிகிரி, பச்சையின் இரண்டாம் வரிசையும் அட்சரம் பிசகாமல் அதே இடம். கேமரா முன்னால் பச்சையைத் தடுக்கும் ஃபில்டரை வைத்தால்தான் அங்கே 1064 இருக்கிறதா என்று சொல்ல முடியும்.

அளவுக்கு வருவோம். சிலிக்கான் போட்டோடயோடு மீட்டர் 532-ஐவிட 808-க்கு ஏறத்தாழ இரு மடங்கு உணர்வுடையது. பச்சைக்கு அளவுதிருத்திய மீட்டரில் ஒரு மில்லிவாட் அகச்சிவப்பு இரண்டு மில்லிவாட் பச்சையாகக் காட்டும். 'ஒளி கூடியது' என்ற பல முடிவுகளுக்குப் பின்னால் இதுதான் இருக்கும் என்பது என் சந்தேகம். தெர்மோபைல் மீட்டரில் அகச்சிவப்புத் தடுப்பு ஃபில்டர் இன்றி ஒருமுறையும், வைத்து ஒருமுறையும் அளந்து, ஃபில்டர் பச்சையில் விழுங்கும் சிறு பங்கையும் கணக்கில் சேர்த்தால் இரண்டும் பிரிந்துவிடும்.

ஒளியைக் குறைக்க வேண்டியவர்கள் பிரீசெட்டைத் தொடாமல், டயோடு நிலையாக ஓடும் மின்னோட்டத்தில் விட்டுவிட்டு, கற்றையை வெளியே குறைப்பது நல்லது. இங்கும் ஒரு பொறி உண்டு. ஒளியைக் குறைக்கும் சாயமேற்றிய என்.டி. ஃபில்டர்கள் பல, அகச்சிவப்புக்குச் சாதாரணக் கண்ணாடி போலத்தான். பச்சை பத்தில் ஒன்றாகிவிடும். 808 அப்படியே வரும். பாவை விரிந்த கண்ணுக்கு முன்னைவிட ஆபத்து. முதலில் அகச்சிவப்புத் தடுப்பு, அப்புறம்தான் என்.டி. உலோகப் பூச்சு என்.டி.யானால் சற்றுச் சாய்த்து, திரும்பும் கற்றையைக் கறுப்புப் பெட்டிக்குள் முடிக்க வேண்டும்.

ஏற்றி இறக்கத்தக்க ஒளியே வேண்டும் என்றால் 515 முதல் 520 நானோமீட்டர் வரை நேரடியாகத் தரும் பச்சை டயோடுகள் இருக்கின்றன. படிகம் இல்லை, பம்ப் இல்லை. தொடக்க மின்னோட்டத்தைத் தாண்டிய பிறகு ஒளி கிட்டத்தட்ட நேர்கோட்டில் ஏறும். அதிலும் பிரீசெட்டின் வைப்பர் ஒரு கணம் தொடர்பு இழந்தால் சில சுற்றுகளில் மின்னோட்டம் உச்சிக்குத் தாவும். தொடர்பு அறுந்தால் மின்னோட்டம் குறையும்படி சுற்றை அமைத்து, லேசருக்குப் பதில் டம்மி லோடில் சோதியுங்கள். பம்ப் டயோடு டிரைவருக்குத் தொடரில் மூன்று சிலிக்கான் டயோடுகளும் ஒரு ஓம் ரெசிஸ்டரும் போதும். ரெசிஸ்டரின் குறுக்கே ஒரு மில்லிவோல்ட்டுக்கு ஒரு மில்லிஆம்பியர்.

இனி லேசர் கட்டுரை அனுப்புவோர் மின்னோட்டம், அறை வெப்பநிலை, மீட்டரின் வகை, அகச்சிவப்பின் அளவு, அணிந்திருந்த பாதுகாப்புக் கண்ணாடி எந்த அலைநீளங்களைத் தடுக்கும் என்ற ஐந்தையும் தர வேண்டும். 532-க்கு மட்டுமான கண்ணாடியை ஏற்க மாட்டோம். இந்த இதழில் வந்திருக்க வேண்டிய ஒரு செய்முறை இதனாலேயே தள்ளிப்போயிருக்கிறது. எழுதியவர் சி.டி. சோதனையைச் செய்துகொண்டிருக்கிறார், அளவுகள் வந்ததும் அச்சேறும்.